அங்கால விழுந்துட்டு

கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் இறங்கினால் ஆற்றுவாழை அடைத்துக் கிடக்கிற தண்ணீர் தெரியும். ஆறு என்று சிலர் சொல்வார்கள், வாவி என்று சிலர். மாரியில் அது ஆறுதான். தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், நாவிதன்வெளிச் சனங்கள் தோணியில்தான் கல்முனைக்கு வரவேண்டும். சித்திரையில் அதே இடத்தில் எருமைகள் கழுத்தளவு நின்று அசைபோடும். அந்தத் தண்ணீரின் கரையில், வயல் தொடங்குகிற மேட்டில், மருதமுனைக் காக்காவின் வாடி இருக்கிறது. நான்கு கம்பு, கிடுகுக் கூரை, மேற்குப் பக்கம் மட்டும் இடுப்பளவு மண்சுவர். உள்ளே ஒரு பரண், இரண்டு உரப்பை, கரிபிடித்த கேத்தல். இருபது அடி தள்ளி ஒரு பெரிய மருதமரம்.

நான் பாண்டிருப்பு. 34 வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன். காக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். இளமையில் தறியில் இருந்தார், பிறகு வெள்ளாமைக்கு வந்தார். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் ஒரு மதில்கூடக் கிடையாது. ஆனாலும் 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் முறிந்த பிறகு பல வருடம் நான் அவருடைய வட்டைக்குப் போகவில்லை, அவர் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வரவில்லை. ஏன் என்று இந்தக் கரையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று நாளாவது அந்த வாடியில் இருக்கிறேன்.

கடந்த சித்திரையில் ஒரு நாள் நடந்ததை எழுத வேண்டும். நடந்தது சிறிய விடயம். ஆனால் பதினொரு வயதில் இருந்து எனக்குள் கிடந்த ஒரு கேள்வியை அது வெளியே எடுத்துப் போட்டுவிட்டது.

ஏப்ரல் 5இல் இருந்து 15 வரையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியால் போகிறது. அந்த நாட்களில் நண்பகலில் வயல் வரம்பில் நின்றால் நிழல் காலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். விதைத்துப் பன்னிரண்டு நாள். பயிர் நகத்தளவு பச்சை. கல்லோயா இடதுகரை வாய்க்காலில் அன்று பின்னேரம் எங்கள் கண்டத்துக்குத் தண்ணீர் முறை என்று வட்டை விதானையார் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் காக்கா என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் திறக்க ஒரு ஆள் போதும், மற்ற ஆள் பேச்சுக்கு. மருமகள் கட்டித் தந்த சோறும், சட்டியோடு புளியாணமும், பொரித்த திலாப்பியாவும் கொண்டு போனேன். சாப்பிட்டு, மூன்றிலொரு பங்கை அப்படியே மூடி வைத்தோம். காற்று அடியோடு நின்றுவிட்டது. தண்ணீர் ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது. காக்கா சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டு மேற்கே பார்த்தார்.

“சேர், இங்கினியாகலைப் பக்கம் இருட்டுது.”

இரண்டு மணிக்கு மேல் மலைப்பக்கத்தில் இருந்து மேகம் எழும்பியது. முதலில் வெள்ளைப் பூக்கோவா மாதிரி. பிறகு அடி கறுத்து, தலை தட்டையாகி, கொல்லன் பட்டடை போல. இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன். சூடான நிலத்தில் இருந்து ஈரக்காற்று மேலே போகிறது, மேலே உறைந்த துகள்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, மின்னேற்றம் பிரிகிறது. மின்னல் பாய்கிற வழியில் காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியசுக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. அந்தக் காற்று வெடித்து விரிகிற சத்தம்தான் இடி. ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கு, வந்த எண்ணை மூன்றால் பிரி. என்னிடம் படித்த பிள்ளைகள் இன்றும் எண்ணுவார்கள் என்று நம்புகிறேன்.

முதல் மின்னலுக்குப் பதினைந்து எண்ணினேன். அடுத்ததற்கு ஒன்பது. வாடி பாதுகாப்பான இடமல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அரை மைலுக்குக் கல்வீடு கிடையாது, எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். மருதமரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்று காக்காவிடம் சொன்னேன். உரப்பைகளைத் தரையில் விரித்து, பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்தி இருந்தோம். அறுபதைத் தாண்டிய இரண்டு பேருக்கு அப்படிக் குந்துவது லேசான வேலையில்லை. மழை தண்ணீரின் அக்கரையில் இருந்து ஒரு படங்கை இழுத்து வருவது போல வந்தது.

அந்தப் படங்குக்கு முன்னால், நடுத் தண்ணீரில், ஒரு தோணி. அதில் நின்றபடி ஒரு பொடியன் வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மின்னலுக்கு நான்குகூட எண்ணவில்லை. இடி நெஞ்சுக்குள் இறங்கியது. அப்போது என் வாயில் இருந்து வந்தது, “அர்ச்சுனா! அர்ச்சுனா!”

காக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது.

*

அந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் அம்மம்மா. இடி இடித்தால் கண்ணாடியைத் துணியால் மூடுவார், அலவாங்கை முற்றத்தில் எறிவார், எங்களைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டு அருச்சுனன் பெயர் பத்தும் சொல்லச் சொல்வார். அருச்சுனன், பற்குணன், பார்த்தன், கிரீடி, விசயன், தனஞ்சயன்... பத்தும் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆறோடு முட்டுப்பட்டு முதலில் இருந்து தொடங்குவேன். திரௌபதையம்மன் கோயில் ஊரில் அருச்சுனன் தூரத்து ஆள் அல்ல. பதினெட்டு நாள் சடங்கில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர்தான் அருச்சுனனாக வருவார். வனவாசம் போவதையும் தவநிலையையும் தீமிதிப்பையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பாண்டவர் இருந்த இடம் என்பதால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே இடிக்குப் பயந்தவன் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுவது போலத்தான் அவனைக் கூப்பிட்டோம்.

1968 சித்திரையில் ஒரு பின்னேரம். எனக்குப் பதினொரு வயது. அன்று இருண்ட மாதிரி நான் அதற்கு முன் கண்டதில்லை. நாங்கள் ஆறு பேர் அம்மம்மாவின் சேலைக்குள். ஒரு இடி, வீடு குலுங்கி ஓட்டில் இருந்து தூசி கொட்டியது. கொஞ்சம் பொறுத்து அம்மம்மா மூச்சு விட்டுச் சொன்னார்: “அங்கால விழுந்துட்டு.” பிறகு எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கொரு கட்டி கற்கண்டு வைத்தார். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இரவு எட்டு மணிபோல வண்டிலில் கொண்டு வந்தார்கள். அப்பாவின் வயலில் வேலை செய்த முல்லைக்காரர். நாங்கள் மாமா என்று கூப்பிட்ட மனிதர். அவிழ்த்து விட்ட கன்றைத் தேடிப் போனவர், மழைக்குப் பனையடியில் ஒதுங்கியிருக்கிறார். அவர் பெயரை எழுதவில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘அங்கால’ என்ற சொல்லுக்கு ஒரு முகமும், வாயில் வெற்றிலைக் கறையும், என்னைத் தோளில் ஏற்றி வாய்க்கால் கடத்திய முதுகும் இருந்தன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டேன், இடி எங்கள் மேல் விழவில்லை. அப்படியென்றால் நான் கேட்டது என்ன?

அடுத்த நாள் பெரியவர்கள் காரணம் தேடினார்கள். நேர்த்தி வைத்து மறந்துவிட்டாராம். கோயில் வளவில் ஒரு மரக்கொப்பு வெட்டினாராம். அந்த மனிதரின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தா. தமிழில் ‘தலையில் இடி விழ’ என்று திட்டுகிறோம். மொழிக்குள்ளேயே தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறோம். இடி விழுந்தவன் எதையோ செய்திருக்கத்தான் வேண்டும். செத்தவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கொடிய பேச்சு அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்கு நல்லவர்கள் என்ற சான்றிதழ் எழுதிக்கொள்வதற்காக அவரைக் குற்றவாளியாக்குகிறார்கள்.

*

பிறகு நான் படித்தவை பல. ரோமாபுரியில் 2,000 வருடங்களுக்கு முன் லுக்ரீசியஸ் என்ற கவிஞர் இதே இடத்தில் கை வைத்திருக்கிறார். இடியை எறிவது தேவர்கள் என்றால், குற்றவாளிகளை விட்டுவிட்டு ஏன் ஆளில்லாத பாலைவனத்திலும் கடலிலும் எறிந்து வீணாக்குகிறார்கள், தங்கள் சொந்தக் கோயில்களையே ஏன் உடைக்கிறார்கள் என்று கேட்டார். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக இடி மின்னலை விரட்டத் தேவாலய மணி அடித்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரத்துக்குக் கீழே, நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மணியடிக்கிறவர்கள் பலர் அதிலேயே செத்தார்கள். 1750களில் பெஞ்சமின் பிராங்கிளினின் இடிதாங்கி வந்தபோது, தெய்வத்தின் கையைத் தடுப்பதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இன்றைக்குக் கோயில் கோபுரத்திலும் பள்ளிவாசல் மினாராவிலும் இடிதாங்கி நிற்கிறது, பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். நல்லதுதான். பனையடியில் ஒதுங்கக் கூடாது என்று யாராவது 1968இல் அந்த மனிதருக்குச் சொல்லியிருந்தால் அவர் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பார்.

ஆனால் மின்னேற்றத்தைப் பற்றிய என் அறிவு அந்தக் கேள்வியைத் தொடவில்லை. எனக்கு மின்னல் எப்படி விழுகிறது என்பதில் குழப்பமில்லை. விழக்கூடிய ஒன்று என்மேல் விழ வேண்டாம் என்று கேட்கிற மனிதன் யார் என்பதுதான் என் குழப்பம்.

அதிலும் அருச்சுனனைக் கேட்பது! மருத நிலத்துக்குத் தெய்வம் வேந்தன் என்று தொல்காப்பியம் சொல்கிறது; அவன் இந்திரன் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். வச்சிரம் அவன் ஆயுதம். அருச்சுனன் அந்த இந்திரனின் மகன். அதாவது தகப்பன் அடிக்கக் கை ஓங்கும்போது மகனிடம் ஓடுகிறோம். காண்டவ வனத்தை அக்கினி உண்ண வந்தபோது இந்திரன் காட்டைக் காக்க மழையும் இடியுமாக இறங்கினான். அருச்சுனன் அம்புகளால் கூரை வேய்ந்து அந்த மழையைத் தடுத்தான். அந்தக் கூரையை நினைத்துத்தான் எங்கள் ஆச்சிமார் அவன் பெயரைச் சொன்னார்கள் போலும். ஆனால் பாரதத்தைத் திரும்ப வாசித்த ஒரு வயதில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த அம்புக் கூரை யாரைக் காத்தது? நெருப்பைத்தான். கூரைக்குக் கீழே பறவையும் மானும் பாம்பும் வெந்தன. எங்களுக்குக் கூரையானது வேறு யாருக்கோ சூளை. கதை இதை மறைக்கவில்லை. மறந்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

யுத்த காலத்தில் இந்தப் பிரார்த்தனையை இரவு இரவாகச் சொன்னோம். எங்கோ இருந்து ஷெல் கிளம்பும் சத்தம் கேட்கும். பிறகு மேலே ஒரு சீறல். எண்ணுவேன், விஞ்ஞான வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும். வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டால் இருட்டுக்குள் ஒருவர் சொல்வார், “அங்கால விழுந்துட்டு.” அந்த ஒரு வசனத்தில் வீடு முழுவதும் மூச்சு விடும். அங்கால எது? ஒருநாள் வயல். ஒருநாள் வேறு ஊர். எங்கள் ஊரில் விழுந்த இரவுகளில் மற்ற ஊரார் இதே வசனத்தைச் சொல்லி மூச்சு விட்டிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், நாங்களும் அப்படித்தான். ஆனால் அந்த மூச்சு என்னுடைய உடம்புக்குள் நல்ல காற்றாக இருந்ததில்லை.

*

காக்காவின் உதடு என்ன சொன்னது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில் கேட்டதில்லை. இரண்டு இடிக்கு நடுவில் அவர் சொன்னார்:

“நாம ஒண்டும் கேக்கல்ல சேர். அது செய்யிறத்தச் சொன்ன.”

“எது?”

“இடி. அது அல்லாஹ்வத் துதிக்கிது. அத நாமளும் வாயால சொல்ற. அவ்வளவுதான்.”

குர்ஆனில் இடிக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. அர்ரஃது, 13ஆவது, 43 வசனங்கள். இடி இறைவனைப் புகழ்ந்து துதிக்கிறது என்பது அதன் பதின்மூன்றாவது வசனத்தில் வருகிறது. அதற்கு முந்திய வசனம் மின்னலை அச்சமாகவும் ஆசையாகவும் காட்டுகிறவன் அவனே என்கிறது. வெள்ளாமைக்காரனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பன்னிரண்டு நாள் பயிரோடு வானத்தைப் பார்க்கிறவன் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில்தான் பார்க்கிறான். வீட்டுக்கு வந்து தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்தேன். வாசித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அதே பதின்மூன்றாவது வசனம், இடி துதிக்கிறது என்று சொன்ன கையோடு, அவனே இடிமின்னல்களை அனுப்பித் தான் நாடியவர்களைத் தாக்குகிறான் என்றும் சொல்கிறது.

அடுத்த கிழமை அதைக் காக்காவிடம் வைத்தேன். நட்பில் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எனக்குப் பட்டது. “நாடியவரை அடிக்கிறான் என்றால் அதுவும் தண்டனைதானே காக்கா? எங்கட ஊர்ப் பெரியாக்கள் சொன்னதும் இதுதானே?”

அவர் பிளேன்டியைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை. “நான் ஓதிப் படிச்ச ஆள் இல்ல. மௌலவிமார்கிட்ட கேட்டா வடிவாச் சொல்லுவாங்க. ஆனா ஒண்டு. நாடினவங்க எண்டுதானே இரிக்கி. கெட்டவங்க எண்டு இல்லியே.”

அந்தப் பேச்சின் கனம் எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அவருடைய தங்கையையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. மருதமுனையும் பாண்டிருப்பும் ஒரே அலையில் அடிபட்டன. இலங்கையில் அதிகம் பேர் செத்தது இந்த அம்பாறை மாவட்டத்துக் கரையில்தான், 10,000க்கும் மேல். அதன் பிறகு வந்த மாதங்களில், இன்னார் செய்த பாவத்துக்குத்தான் கடல் வந்தது என்று சொன்னவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள், அவர்கள் பக்கத்திலும் இருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை அடக்கிவிட்டு வந்தவரின் காதில் அது விழுந்தது. அவர் அன்றைக்கு யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. தொழுகையை விடவுமில்லை. இறைவன் நாடினான் என்று சொல்ல அவரால் முடிகிறது. பிள்ளை செய்த தவறுக்கு என்று சொல்ல ஒருவரையும் விடமாட்டார். நாட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் உள்ள அந்த வரம்பை அவர் இருபது வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறார், வயல் வரம்பைப் போல, ஒவ்வொரு மழைக்கும் மண் வைத்து.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. நாட்டம் என்ற சொல்லே எனக்குக் கடினம். ஆனால் இடி துதிக்கிறது என்ற எண்ணம் என்னை ஏதோ செய்தது. அது துதிக்கிறது என்றால் அது என்னோடு பேசவில்லை. என்னைத் திட்டவுமில்லை, மன்னிக்கவுமில்லை. 1968இல் அந்த முல்லைக்காரரோடும் பேசவில்லை. வானத்தில் நடக்கிற ஒரு பெரிய வழிபாட்டின் நடுவில் நாங்கள் குந்தி இருக்கிறோம். அதில் எங்கள் பெயர் இல்லை. ஐம்பத்தாறு வருடம் நான் அந்தச் சத்தத்தை ஒரு கடிதம் போல வாசித்து, முகவரி யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தேன். உபநிடதத்தில் ஒரு கதை உண்டு: பிரசாபதி ‘த’ என்ற ஒரே எழுத்தைச் சொல்ல, தேவர் அதை அடக்கம் என்றும், மனிதர் கொடை என்றும், அசுரர் இரக்கம் என்றும் விளங்கிக்கொண்டார்கள், இடி இன்றும் அந்த எழுத்தைத்தான் முழங்குகிறது என்று முடியும். இடி சொன்னது ஒரே எழுத்து. மிச்சமெல்லாம் கேட்டவர்களுடைய காது.

*

தோணியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

அவன் நின்றுகொண்டிருந்தான். பரந்த தண்ணீரில் அவனைவிட உயர்ந்த பொருள் ஒன்றும் கிடையாது. காக்கா வாடியை விட்டு வெளியே ஓடி, இரண்டு கையையும் வாயில் குவித்து, “தம்பீ! குந்துடா! குந்து!” என்று கத்தினார். மழைச் சத்தத்தில் அது பத்து யார் தூரம்கூடப் போயிராது. நானும் ஓடினேன். வெளியே போகக் கூடாது என்று 34 வருடம் படிப்பித்த நான், தலைக்கு மேலே வானம் கிழிந்துகொண்டிருக்க, திறந்த வெளியில் நின்று உரப்பையை ஆட்டினேன். அப்போதும் வாயில் “அர்ச்சுனா” தான். ஆனால் அந்த நேரம் அது எனக்காக வரவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அந்தச் சொல் முதல் தடவையாக வெளியே போனது, தண்ணீருக்கு மேலால், முகம் தெரியாத ஒரு பொடியனின் பக்கம்.

அவன் கண்டுவிட்டான். வலையைப் போட்டுவிட்டுத் தோணிக்குள் மடிந்து படுத்தான். காற்று தோணியை ஆற்றுவாழைப் பக்கமாகத் தள்ளியது. நாங்கள் திரும்ப ஓடி வந்து உரப்பையில் குந்திய கையோடு வந்தது அந்த இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் எண்ண ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளை. பிறகு பட்டாசுக் கிடங்கு வெடித்தது போல. மூக்கில் ஒரு எரிந்த வாசம். அக்கரையில், மழைக்குள், ஒரு பனையின் தலை எரிந்துகொண்டிருந்தது.

“அங்கால...” என்று தொடங்கிவிட்டேன். காக்கா என்னைப் பார்த்தார். வசனத்தை முடிக்கவில்லை.

பொடியன் ஆற்றுவாழையைப் பிடித்துப் பிடித்துக் கரைக்கு வந்தான். நற்பிட்டிமுனைப் பக்கத்துப் பிள்ளை, பதினெட்டு வயது இருக்கும். நடுங்கினான். காக்கா தன் தோள்துண்டால் அவன் தலையைத் துவட்டினார். மூடி வைத்த சோற்றை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல், புளியாணத்தை ஊற்றி, சட்டியை வழித்துச் சாப்பிட்டான். இடி அப்போது கிழக்கே கடல் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆறு எண்ணினேன், பிறகு பன்னிரண்டு.

மழை மட்டும் விடவில்லை. பயிர் மூழ்கிவிடும் போல இருந்தது. காக்கா கையை ஏந்தி மெல்ல ஏதோ சொன்னார். அதையும் கேட்டேன், அன்று எனக்குக் கேட்கிற நாள். மதீனாவில் ஒரு தடவை மழை ஒரு கிழமையாக விடாமல் பெய்ய, பள்ளிவாசலில் ஒருவர் எழும்பி நபிகளாரிடம் முறையிட்டாராம். அவர் கையை உயர்த்தி, இந்த மழை எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள்மேல் வேண்டாம் என்று கேட்டாராம். குன்றுகளுக்கும், மேடுகளுக்கும், ஓடைப் பள்ளங்களுக்கும், மரங்கள் முளைக்கிற இடங்களுக்கும் போகட்டும் என்றாராம். நான் காக்காவை அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை.

அதுவும் ‘எங்கள்மேல் வேண்டாம்’ என்றுதான் தொடங்குகிறது. அம்மம்மாவின் பிரார்த்தனைதான். ஆனால் அது அங்கால என்று நின்றுவிடவில்லை. எங்கே என்று சொல்கிறது. யாருடைய கூரைக்கும் சேதமில்லாத, தண்ணீர் தேவைப்படுகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேர்கிறது. கேட்கிறவன் தன்னைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் ஒரு தடவை மனதால் நடந்து பார்த்த பிறகுதான் அப்படிக் கேட்கமுடியும். மழைக்கு அது சரிவரும். மின்னலுக்கு எந்த இடத்தின் பெயரைச் சொல்வது என்று காக்காவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் அக்கரையில் புகைகிற பனையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அதுக்குக் கீழ யாரும் மாடு கட்டினயா?” என்று பொடியனிடம் கேட்டார்.

“தெரியா காக்கா. ஒரு கிழவன் எரும பாக்கிறவர். பின்னேரத்துல அங்கதான் இரிப்பார்.”

காக்கா எழும்பிச் சாரனை இறுக்கிக் கட்டினார். தண்ணீர் முறை இனித் தேவைப்படாது. வாய்க்கால் தன்பாட்டில் நிரம்பி ஓடியது. நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பொடியன் தோணி தருகிறேன் என்றான், ஆனால் வானம் இன்னும் தெளியாததால் சுற்றிப் போவதுதான் புத்தி என்று முடிவெடுத்தோம். தாம்போதிக்கு மேலால் ஒரு சாண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காக்கா பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடி வந்தார். பாதி வழியில் நிறுத்தச் சொன்னார். பனைக்குக் கொஞ்சம் தள்ளி எருமைகள் நின்றன. எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். கிழவர் இன்னும் தெரியவில்லை. வண்டியை மறுபடி கிளப்பினேன்.